கிறிஸ்தவக் காதல் சஸ்பென்ஸ் நாவல்களில் விசுவாசமும் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவக் காதல் சஸ்பென்ஸ் நாவல் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரே கதைக்குள் மூன்று கேள்விகள் ஓடுகிற நாவல் இது. துரத்துகிறவன் யார், அவன் பிடிபடுவானா என்பது முதல் கேள்வி. ஆபத்தின் நடுவே சேர்ந்துகொண்ட இருவர் ஒருவரையொருவர் நம்பத் துணிவார்களா என்பது இரண்டாவது. அவர்களில் ஒருவராவது தேவனோடு தமக்கு இருக்கும் வழக்கை எப்படித் தீர்த்துக்கொள்ளப் போகிறார் என்பது மூன்றாவது. பாத்திரங்கள் ஆலயத்துக்குப் போகிறார்கள், சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறார்கள் என்பதால் மட்டும் ஒரு நாவல் இந்த வகையில் சேர்ந்துவிடாது. மூன்றாவது கேள்வியை உருவி எடுத்தால் மற்ற இரண்டும் முடிவுக்கு வர முடியாதபடி கதை பின்னப்பட்டிருக்க வேண்டும் என்பதே நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்.

'விசுவாசம்' என்ற சொல்லை இங்கே சற்று எண்ணிப் பார்க்கலாம். பொதுவழக்கில் அது ஒருவரை விட்டு விலகாத உண்மையைக் குறிக்கிறது. திருச்சபை வழக்கில் தேவன்மேல் வைக்கும் நம்பிக்கையைக் குறிக்கிறது. இந்த நாவல்களில் இரண்டு பொருளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. தேவனை நம்பத் தயங்குகிற கதாநாயகி, பெரும்பாலும் ஒரு மனிதர் தன்னிடம் உண்மையாக நடந்துகொள்ளாததால்தான் தயங்குகிறாள். அந்த மனிதர் அநேகமாக அவளுடைய குடும்பத்தைச் சேர்ந்தவராகவே இருப்பார்.

இந்த வகை எப்போது, எங்கே உருவாயிற்று?

இது பெரும்பாலும் அமெரிக்கச் சுவிசேஷக சபைகளின் வாசகர்களிடையே வளர்ந்த வகை. 1865 முதல் 1947 வரை வாழ்ந்த கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில், விசுவாசத்தை மையமாக வைத்து எழுதிய காதல் கதைகளால் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறார். கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஓக்கின் முதல் நாவலை 1979-இல் பெத்தனி ஹவுஸ் வெளியிட்டபோது, கிறிஸ்தவக் காதல் கதைகளுக்குத் தனிச் சந்தையே உண்டு என்பது பதிப்பாளர்களுக்குத் தெரியவந்தது. சஸ்பென்ஸ் என்ற இழை அதன் பிறகு வலுப்பெற்றது. ஹார்லிகுவின் நிறுவனம் 1997-இல் 'லவ் இன்ஸ்பயர்ட்' என்ற கிறிஸ்தவக் காதல் வரிசையைத் தொடங்கி, 2005-இல் சஸ்பென்ஸுக்கென்றே தனி வரிசையைப் பிரித்தது. கிறிஸ்தவப் புனைகதைக்கான கிறிஸ்டி விருது 1999-இல் நிறுவப்பட்டது.

ஜெபித்தால் தேவன் காப்பாற்றிவிடுவார் என்று முன்பே தெரிந்திருந்தால் சஸ்பென்ஸ் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் தானியேலின் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். அக்கினிச் சூளைக்கு முன் நிறுத்தப்பட்ட மூன்று வாலிபர்கள், தங்கள் தேவன் தங்களை விடுவிக்க வல்லவர் என்று ராஜாவிடம் சொல்கிறார்கள். அதோடு நிறுத்தாமல், "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய தேவர்களுக்கு ஆராதனை செய்ய மாட்டோம் என்றும் சொல்கிறார்கள். தேவன் வல்லவர் என்பதற்கும் அவர் இந்த இரவில் என்ன செய்வார் என்பதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. விசுவாசி நிற்பது அந்த இடைவெளியில்தான். சஸ்பென்ஸ் பிறப்பதும் அங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கதாநாயகி நிலவறையில் ஒளிந்திருக்கிறாள், மேலே நடக்கிற காலடிச் சத்தம் கதவருகே வந்து நிற்கிறது, அவள் ஜெபிக்கிறாள். அடுத்த வரியிலேயே போலீஸ் வாகனத்தின் ஒலி கேட்டால், அந்த ஜெபம் கதையின் வசதிக்காக வந்தது என்று வாசகர் உடனே கண்டுகொள்வார். ஜெபித்த பின்னும் கதவின் பிடி திரும்புகிறது, ஆனால் நடுங்கிக்கொண்டிருந்த அவளுடைய கை சற்று அடங்கி, சுவரோரம் இருக்கும் இரும்புக் கம்பியைக் கண்டுபிடிக்கிறது என்று எழுதினால், ஜெபம் உண்மையான ஒன்றைச் செய்திருக்கிறது, ஆபத்தும் குறையவில்லை. "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்று தொடங்கும் வசனம் பள்ளத்தாக்கிலிருந்து தூக்கி எடுக்கப்படுவதைப் பற்றிப் பேசவில்லை. நடக்கும்போது கூட இருக்கிறவரைப் பற்றிப் பேசுகிறது.

பதிலே வராத ஜெபத்துக்கும் இந்த நாவல்களில் இடம் வேண்டும். சங்கீதங்கள் 150-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று பதின்மூன்றாம் சங்கீதக்காரன் கேட்டதை, கணவனைக் கொலையில் இழந்த ஒரு பாத்திரம் கேட்கக் கூடாதா? அந்தக் கேள்விக்கு ஒரே அத்தியாயத்தில் பதில் கொடுத்து அவளை ஆறுதல்படுத்திவிடும் எழுத்தாளர்கள், வேதம் காட்டும் பொறுமையைக்கூடத் தங்கள் பாத்திரத்திடம் காட்டுவதில்லை என்று நான் வருத்தத்தோடு நினைப்பதுண்டு.

தேவன் நேரடியாகத் தலையிடும் அற்புதங்களை எழுதலாமா?

எழுதலாம், ஆனால் எஸ்தரின் புத்தகம் காட்டும் வழி இந்த வகைக்கு மேலும் பொருத்தமானது. எபிரெய மூலத்தில் அந்தப் புத்தகத்தில் தேவனுடைய பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை. ஒரு ராத்திரி ராஜாவுக்கு நித்திரை வரவில்லை. நாளாகமப் புஸ்தகத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறான். எஸ்தரை வளர்த்த மொர்தெகாய் ராஜாவுக்கு முன்பு செய்த உதவி அதில் தட்டுப்படுகிறது. அங்கிருந்து கதையின் திசையே திரும்புகிறது. ராஜாவுக்குத் தூக்கம் வராதது அற்புதமா, தற்செயலா என்று புத்தகம் சொல்வதில்லை. திரும்பிப் பார்க்கிறவருக்கு அது விளங்குகிறது.

பாத்திரங்களைச் சிக்கலில் தள்ளும் தற்செயலை வாசகர் எளிதில் ஏற்றுக்கொள்வார். சிக்கலிலிருந்து மீட்கும் தற்செயலைத்தான் அவர் சந்தேகிப்பார். ஆகவே மீட்பாக வரப்போவதை முன்கூட்டியே, யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறு நிகழ்ச்சியாக விதைத்துவிட வேண்டும். அப்போது அது துப்பறியும் கதையின் தடயமாகவும் தெய்வீக நடத்துதலாகவும் ஒருசேர நிற்கும்.

குடும்பம் ஏன் இவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது?

மனிதன் காவலைக் கழற்றி வைக்கும் இடம் வீடு என்பதால், அபாயம் அங்கே நுழையும்போது அச்சம் இரட்டிப்பாகிறது. இது எல்லா சஸ்பென்ஸ் கதைகளுக்கும் பொது. கிறிஸ்தவ நாவலில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேதாகமமே குடும்பக் கதைகளின் புத்தகம். முதல் கொலை சகோதரர்களுக்கிடையே நடக்கிறது. யாக்கோபு தகப்பனை ஏமாற்றி ஆசீர்வாதத்தைப் பெறுகிறான். அப்சலோம் தகப்பனுக்கு எதிராகப் படை திரட்டுகிறான்.

இவற்றுள் யோசேப்பின் கதைதான் இந்த வகையின் ஆதி வடிவம் என்று சொல்லத் தோன்றுகிறது. பதினேழு வயதுப் பையனைச் சகோதரர்களே விற்றுவிடுகிறார்கள். முப்பதாவது வயதில் அவன் பார்வோனுக்கு முன் நிற்கிறான். செழிப்பான ஏழு வருஷங்களும் பஞ்சத்தின் இரண்டு வருஷங்களும் கழிந்த பிறகு, அதாவது விற்கப்பட்டு ஏறக்குறைய 22 ஆண்டுகளுக்குப் பிறகுதான், தான் யாரென்று அவர்களிடம் சொல்கிறான். அதற்கு முன் தன் வெள்ளிப் பாத்திரத்தைப் பென்யமீனின் சாக்கில் ஒளித்துவைக்கச் செய்கிறான். தம்பியை விட்டுவிட்டு இவர்கள் ஓடிவிடுவார்களா, அல்லது மாறியிருக்கிறார்களா என்பதுதான் அந்தச் சோதனை. யூதா முன்வந்து, இளையவனுக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருப்பதாகச் சொல்லும் இடத்தில், இருபது வருஷத்து இரகசியம் வெடிக்கிறது. யோசேப்பு சத்தமிட்டு அழுகிறான். அடையாளத்தை மறைத்தல், தடயத்தை வைத்தல், குற்றவாளிகளின் மனமாற்றத்தைச் சோதித்தல், குடும்பம் மறுபடி ஒன்றுசேர்தல் ஆகிய எல்லாம் இதில் இருக்கின்றன. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ" என்று தொடங்கி, தேவன் அதை நன்மையாக முடித்தார் என்று சொல்லும் அவனுடைய பிற்காலச் சொற்களை இந்த நாவல்கள் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கின்றன.

தகப்பன் என்ற பாத்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தேவனைப் 'பிதா' என்று அழைக்கும் மதத்தில், தகப்பனிடம் அடிபட்டு வளர்ந்த பெண்ணுக்கு அந்தச் சொல்லே தடையாக நிற்கும். அவளைக் காக்க வரும் காவல் அதிகாரி அவளுடைய வாசற்பூட்டை மாற்றிக் கொடுக்கலாம். அந்தச் சொல்லை அவளுக்கு மாற்றிக் கொடுக்க அவரால் முடியாது. கதை இதை ஒப்புக்கொள்ளும்போது விசுவாச இழைக்கு எடை கூடுகிறது. காதலன் கிடைத்தவுடன் பிதாவும் கிடைத்துவிட்டார் என்று எழுதுவது இரண்டு உறவுகளையும் மலிவாக்குகிறது.

இரத்த உறவு இல்லாத குடும்பங்கள் இந்த நாவல்களில் அடிக்கடி வருவது ஏன்?

2000-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய டீ ஹெண்டர்சனின் ஓமாலி வரிசை இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அநாதை இல்லத்தில் வளர்ந்த ஏழு பேர் ஒருவரையொருவர் சகோதர சகோதரிகளாகத் தெரிந்தெடுத்து, ஒரே குடும்பப் பெயரைச் சூடிக்கொள்கிறார்கள். வளர்ந்த பிறகு ஒவ்வொரு நாவலிலும் ஒருவர் ஆபத்தைச் சந்திக்கிறார், மற்றவர்கள் ஓடி வருகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் நோய் வரிசை முழுவதும் பின்னணியில் ஓடி, விசுவாசக் கேள்வியை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கொண்டுசேர்க்கிறது.

"தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி" என்கிறது 68-ஆம் சங்கீதம். மாமியாரை விட்டுப் பிரியாத மோவாபியப் பெண்ணான ரூத்தும் பிறப்பால் வந்த உறவைத் தாண்டித்தான் குடும்பத்தைக் கண்டாள். சபை என்பதே தெரிந்தெடுக்கப்பட்ட குடும்பம்தான் என்ற எண்ணம் இவற்றின் அடியில் இருக்கிறது. நடைமுறையில் இதற்குக் கதைப் பயனும் உண்டு: சகோதரர்கள் பலர் இருந்தால் ஒரு நாவலில் ஓரமாக நின்றவர் அடுத்த நாவலின் நாயகராக முடியும்.

மன்னிப்பு என்ற கருப்பொருள், கொடுமை செய்தவரிடமே திரும்பிப் போகும்படி சொல்கிறதா?

இதுவே இந்த வகையில் ஆகக் கவனமாகக் கையாளப்பட வேண்டிய இடம் என்று நம்புகிறேன். ஆபத்தில் இருக்கும் ஒரு பெண் இந்த நாவலை வாசிக்கக்கூடும். அவளுக்குத் தவறான ஒன்றைச் சொல்லிவிட்டால் அது வெறும் இலக்கியக் குறையாக நின்றுவிடாது.

மன்னிப்பதும் மறுபடி சேர்ந்துகொள்வதும் வேதத்தில் ஒன்றல்ல. தாவீது தன்னைக் கொல்லத் தேடிய ராஜாவான சவுலை இருமுறை கைக்கெட்டிய தூரத்தில் வைத்தும் தொடாமல் விட்டான். முதல் முறை சவுல் அழுதான்; இரண்டாம் முறை, "என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா" என்று கூப்பிட்டான். தாவீது தான் எடுத்துச்சென்ற சவுலின் ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தான், அரண்மனைக்குத் திரும்பவில்லை. இருவரும் தத்தம் வழியே போனதாக ஒன்று சாமுவேல் 26-ஆம் அதிகாரம் முடிகிறது. மேலே சொன்ன யோசேப்பும், சகோதரர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே அவர்களைத் தழுவினான்.

பழிவாங்குதல் தேவனுக்குரியது என்று ரோமர் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. அடுத்த அதிகாரமே, தீமை செய்கிறவனுக்கு எதிராக அதிகாரியின் கையில் பட்டயம் இருப்பதைப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், மன்னிக்கிற பெண் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம், பூட்டை மாற்றலாம், முகவரியைத் தெரிவிக்காமலும் இருக்கலாம். அவள் விடுவது பழி தீர்க்கும் உரிமையை. தன் பாதுகாப்பை அல்ல. குற்றவாளி கண்ணீர் விட்டவுடன் குடும்பம் முழுவதும் அவனைச் சூழ்ந்துகொள்ளும் கடைசிக் காட்சிகளை எழுதுகிறவர்கள், அந்தக் கண்ணீரை எத்தனை நாள் சோதித்தார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது.

விசுவாசியும் விசுவாசி அல்லாதவரும் காதலித்தால் கதை எப்படிப் போகிறது?

"அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்ற இரண்டாம் கொரிந்தியர் வசனத்தை இந்த வகையின் எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் பெரும்பாலும் திருமணத்துக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அதனால், இருவரில் ஒருவர் விசுவாசத்துக்கு வெளியே இருந்தால், திருமணத்துக்கு முன் அவர் உள்ளே வந்தாக வேண்டும் என்ற நெருக்கடி கதைக்கு ஏற்படுகிறது. இது நல்ல தடை. காதலர் இருவரையும் பிரித்து நிறுத்தும் உண்மையான காரணம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கதாநாயகியைப் பெறுவதற்காகத்தான் அவன் மனந்திரும்பினான் என்ற ஐயம் வாசகருக்கு எழும்போது. இதற்கு நான் கண்ட நல்ல தீர்வு, அவனுடைய மனமாற்றத்தை அவள் இல்லாத இடத்தில் நடத்துவது. இன்னும் நல்லது, அவளை இழந்துவிட்டதாக அவன் எண்ணும் நேரத்தில் நடத்துவது. அப்போது அவன் பேரம் பேச எதுவும் மிஞ்சியிருக்காது. ஒருவர் ஒரே இரவில் மாறுவதைவிட, பாதி வழியில் நின்று மறுபடி தயங்குவதும் நம்பும்படி இருக்கும்.

காதல் காட்சிகளுக்கு எல்லை உண்டு, வன்முறைக்கு இல்லையா?

திருமணத்துக்கு முந்தைய உடலுறவு, கெட்ட வார்த்தைகள் ஆகியவற்றுக்குப் பதிப்பகங்கள் இடம் கொடுப்பதில்லை. வன்முறை கதையில் வந்தாலும் விவரிப்பு அடக்கமாக இருக்க வேண்டும் என்பதே பொது எதிர்பார்ப்பு. இந்தக் கட்டுப்பாடு காதலுக்கு நன்மையே செய்கிறது: பிடிக்கத் தயங்கிய கை, சொல்லாமல் விட்ட சொல் ஆகியவை அதிகமான வேலை செய்ய வேண்டியிருக்கிறது. வன்முறையைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானது. முத்தத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சித்திரவதையை விலாவாரியாக எழுதினால், எதைத் தூய்மை என்று கருதுகிறோம் என்பதில் ஏதோ பிசகியிருக்கிறது.

கதாநாயகன் காப்பவன், கதாநாயகி காக்கப்படுகிறவள் என்ற அமைப்பு விசுவாசத்தின் தேவையா?

இல்லை. கணவர்கள் கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல மனைவிகளில் அன்புகூர வேண்டும் என்ற எபேசியர் வசனத்தை அடிப்படையாக வைத்துக் காப்பாளன் என்ற நாயகனைப் படைக்கிறார்கள். ஆனால் அந்த வசனத்தின் எடை அதிகாரத்தில் இல்லாமல் ஒப்புக்கொடுத்தலில் இருக்கிறது. அவளிடம் கேட்காமலே அவளுடைய நடமாட்டத்தை முடிவு செய்யும் நாயகனையும், அவளைப் பின்தொடரும் வில்லனையும் சில நாவல்களில் செயலளவில் பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது. இதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். தன் முரட்டுக் கணவன் நாபாலுக்கும் அவனைத் தண்டிக்கப் புறப்பட்ட தாவீதின் நானூறு பேருக்கும் நடுவே, அப்பமும் திராட்சரசமும் ஏற்றிய கழுதைகளோடு வந்து இரத்தப்பழியைத் தடுத்த அபிகாயிலைப் போன்ற கதாநாயகிக்கு வேதத்திலேயே முன்மாதிரி இருக்கிறது.

நல்ல பாத்திரங்கள் பொய் சொல்லலாமா, கொல்லலாமா?

எரிகோவில் வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப் தேடிவந்தவர்களிடம் பொய் சொன்னாள். எபிரெயர் 11-ஆம் அதிகாரம் அவளை விசுவாசிகளின் வரிசையில் சேர்க்கிறது. அந்தப் பொய் சரியா என்று இறையியலார் இன்றுவரை வாதிடுகிறார்கள். நாவல் இதைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. மறைந்து வாழும் சாட்சி ஒவ்வொரு நாளும் பொய்ப் பெயரில் சபைக்குப் போவது அவளுக்குள் என்ன செய்கிறது என்பதைக் காட்டினால் போதும். கடமையில் சுட்டுக் கொன்ற அதிகாரி அடுத்த காட்சியிலேயே காதல் பேசுவதும் எனக்கு உறுத்துகிறது. சட்டம் அவரை விடுவித்த பின்னும் மனச்சாட்சி விசாரணையைத் தொடரும். அந்த விசாரணைக்கு சில பக்கங்களாவது ஒதுக்க வேண்டும்.

பிரசங்கமாகிவிடாமல் விசுவாசத்தை எழுதுவது எப்படி?

வசனத்தைச் சொல்கிறவருக்கு அதனால் ஏதாவது இழப்பு ஏற்பட வேண்டும். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று துக்க வீட்டில் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகும் ஊழியரைவிட, மகனைப் பறிகொடுத்தபின் அதே வசனத்தைச் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் நிறுத்திக்கொள்ளும் தாய் அதிகமாகச் சாட்சி சொல்கிறாள். ஞானமான பாட்டி ஒருவர் சரியான நேரத்தில் வந்து சரியான வசனத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் தேய்ந்துவிட்டது. அந்தப் பாட்டிக்கும் விடை கிடைக்காத ஒரு ஜெபம் இருக்கட்டும்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் இவற்றை வாசிக்க முடியுமா?

தாராளமாக. யாரை நம்புவது என்ற கேள்வி எல்லோருக்கும் உரியது. வாசகர் தேவனை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தப் பாத்திரம் ஏன் ஏற்றாள் என்பது அவருக்கு விளங்கினால் நாவல் தன் வேலையைச் செய்திருக்கிறது.

முடிவு எப்போதும் மங்களமாகத்தான் இருக்க வேண்டுமா?

காதல் கதை என்ற அளவில் இருவரும் சேர்ந்தாக வேண்டும். சஸ்பென்ஸ் என்ற அளவில் குற்றம் வெளிப்பட்டாக வேண்டும். குடும்பத்தைப் பொறுத்தவரை அப்படி எந்த விதியும் இல்லை. எழுத்தாளருக்குக் கிடைக்கும் உண்மையான சுதந்திரம் அதுதான். லூக்கா 15-இல் இளைய மகன் வீடு திரும்புகிறான், விருந்து நடக்கிறது. மூத்தவனோ உள்ளே வர மனதில்லாமல் வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லாமலே உவமையை முடிக்கிறார். திருமணக் காட்சியில் எல்லா உறவினரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் புன்னகைக்க வைக்க விரும்பும் எழுத்தாளர், அந்த மூத்த மகனை அங்கேயே, வாசலுக்கு வெளியே, தகப்பன் பக்கத்தில் நிற்க விடலாம்.